கூழில் கரைத்த ஒன்பது நாள்

நசுக்கிப் போட்டுடாதீங்க அக்கா.

ஒட்டுக் கேட்டேன்னு நினைக்காதீங்க. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனில் அவ்வளவு சத்தமா பேசினால் காதில் விழத்தானே செய்யும்? "அந்த மனுசன் விழுங்கவே மாட்டேங்கிறாரு, இன்னைக்கு மோர்ல கரைச்சு ஊத்திர வேண்டியதுதான்"னு சொன்னீங்கள்ல? உங்க மடியில் இருக்கிற மாத்திரைக் கவரும் என் மடியில் இருக்கிற கவரும் ஆஸ்பத்திரியில் ஒரே ஜன்னலில் வாங்கினது. எனக்கு முன்னாடி நாலாவதா நின்னீங்க. அதனாலதான் வாயைத் திறந்தேன். இல்லைன்னா நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன்.

நான் டெய்சி. பதினேழு முடியப் போகுது. பதினொன்னாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். யாரும் விடச் சொல்லலை, எனக்கே பொறுமை இல்லை. வத்தலக்குண்டில் ஒரு செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுறேன். அதோ டிரைவருக்கு இந்தப் பக்கம் முதல் சீட்டு, ஊதாச் சட்டை, அதுதான் எங்கப்பா. சவரிநாதன். சண்டையெல்லாம் இல்லை. பஸ் ஏறினால் அங்கேதான் உட்காருவார். டிரைவர் கியர் மாத்தும்போது இவர் கையும் லேசா அசையும், பாருங்க. பதினாலு வருசம் ஸ்கூல் வேன் ஓட்டினவர். இப்போ ஓட்டலை. அதில் பாதி என்னாலதான். பாதியா? முக்கால்னு வச்சுக்கங்க.

போன வருசம் அவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கிச்சு. கூட்டிட்டுப் போனோம். பிரஷர் எகிறிக் கிடக்கு, இதயம் கொஞ்சம் பெருத்திருக்குன்னு சொன்னாங்க. ரெண்டு மாத்திரை. ஒன்னு பிரஷருக்கும் துடிப்புக்கும். இன்னொன்னு நீர் மாத்திரை, உடம்பில் தேங்குற நீரை மூத்திரமா வெளியே தள்ளும். ரெண்டும் காலையில். எங்கம்மா கோயம்புத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்கு இருக்காங்க, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. போகும்போது என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. "அந்தாளை நம்பாதடி. கையில குடுத்து, கண்ணு முன்னாடி விழுங்க வை."

நானும் தினம் உள்ளங்கையில் வச்சு நீட்டுவேன். அவரும் வாயில் போட்டு, செம்பில் தண்ணியைக் குடிச்சு, தலையை ஆட்டிட்டு வெளியே போவார். ஆறு மாசம் இப்படியே போச்சு. ஒருநாள் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் தண்ணி அடைச்சுக்கிச்சு. சல்லடையைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையா, கூழ் கூழா, பாதி கரைஞ்ச மாத்திரை. ஒன்னு ரெண்டு இல்லை. கன்னத்தில் ஒதுக்கி வச்சிருந்து அங்கே துப்பியிருக்கார் அக்கா! ஐம்பத்தோரு வயசு ஆள்!

கேட்டேன். நல்லாவே கேட்டேன், தெருவுக்கே கேட்டது.

"நீ என்ன பால்வாடிப் பிள்ளையா? மாத்திரையத் துப்புற?"

"யாரு துப்புனா? போடுறேன்த்தா. மாதா மேல சத்தியமா போடுறேன்."

"சல்லடையில கெடக்கு!"

"அது சோப்பு."

சோப்பாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது. நான் யார் மூஞ்சிக்கு நேராவும் பட்டுன்னு சொல்லிடுவேன், கடையில் ஓனரே பயப்படுவார். சரி, இந்தாளோட இனிமேல் மல்லுக்கட்ட முடியாதுன்னு முடிவு பண்ணினேன். "இனிமே நான் குடுக்க மாட்டேன். உன் உடம்பு, நீயே எடுத்துப் போட்டுக்க"ன்னு பிரஷர் மாத்திரை அட்டை ஒன்னை அவர் சட்டைப் பையில் திணிச்சேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். மிச்ச அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில் இஞ்சி பூண்டு தட்டுற இடிகல்லில் ரெண்டு மாத்திரையையும் போட்டு நாலு தட்டு தட்டினேன். மாவாயிடுச்சு. கேப்பைக் கூழில் போட்டு, மோரை ஊத்தி, வெங்காயத்தை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். குடிச்சார். ஏப்பம் விட்டார். வேனை எடுத்துட்டுப் போனார்.

அன்னைக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? அம்மாவுக்குப் போன் போட்டு, "இப்போ ஒழுங்கா போடுறாரும்மா"ன்னேன். அது பொய் இல்லைன்னு நினைச்சேன். உள்ளே போகுதுல்ல?

அந்த அட்டையில் என்ன எழுதியிருந்ததுன்னு கேக்காதீங்க. இங்கிலீஸில் இருந்தது. என்னால் படிக்க முடியாதுன்னு இல்லை, எழுத்துக் கூட்டினால் வரும். பேரை மட்டும் சரி பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, விட்டுட்டேன். அப்புறமா படிச்சேன். அப்படியே முழுசா விழுங்கணும், நசுக்கக் கூடாது, மெல்லக் கூடாதுன்னு போட்டிருக்கான். அந்தப் பிரஷர் மாத்திரை நாள் முழுக்க உள்ளே மெதுவாக் கரையுற மாதிரி செஞ்சதாம். நசுக்கினால் நாள் முழுக்க இறங்க வேண்டியது மொத்தமும் ஒரே அடியா இறங்கிடும். நான் ஒன்பது நாள் அப்படி இறக்கினேன். எங்கப்பா அந்த ஒன்பது நாளும் பதினாறு பிள்ளைகளை ஏத்திட்டுப் போனார்.

நான் இதைச் சொல்லும்போது நீங்க ஜன்னலைப் பார்க்கிறீங்க. பரவாயில்லை, பாருங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கு.

மூணாம் நாளே ஒரு மாதிரி ஆயிட்டார். டிரிப்பு முடிஞ்சு வந்ததும் வண்டியை நிறுத்தாத குறையா கக்கூஸுக்கு ஓடுவார். "ஏத்தா, எனக்கு சுகரும் வந்துருச்சு போல. ஒன்னுக்கு அடக்க முடியல"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீர் மாத்திரை வேலை செய்யுதுன்னு தெரிஞ்சது எனக்கு மட்டும்தானே. வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே போயிட்டேன். அவர் என்ன செஞ்சார் தெரியுமா? காலையில் தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டார். கூழைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகாது. சித்திரை வெயில். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். செம்பு அப்படியே நிறைஞ்சு நிக்கும்.

இதுக்கு நடுவில் ஸ்கூலில் டிரைவர்களுக்கு மெடிக்கல் செக்கப். மார்ச்சில் ஒரு தடவை பார்த்து, அப்பாவுக்குப் பிரஷர் நூத்தி எண்பது இருந்ததாம். "அடுத்த மாசம் திரும்பப் பார்ப்பேன். அப்பவும் இப்படி இருந்தா சாவியை வாங்கிருவேன்"னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். அந்த அடுத்த மாசம் வந்திருச்சு. அது எனக்குத் தெரியாது. அவர் சொல்லலை. நான் கூழில் கலக்கினதை நான் சொல்லலை. வீட்டில் இருக்கிறதே ரெண்டு பேர், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம மாத்திரையை வச்சு விளையாடிட்டு இருந்திருக்கோம்.

செக்கப் அன்னைக்குக் காலையில், ஆறு மணிக்கு, நான் கொடுத்த அட்டையிலிருந்து மூணு பிரஷர் மாத்திரையை ஒன்னா முழுங்கியிருக்கார். அதுவரைக்கும் அந்த அட்டையைத் தொடவே இல்லை. மூணு போட்டால் மூணு மடங்கு குறையும், டாக்டர் பார்க்கும்போது சரியா இருக்கும்னு கணக்கு. வேன் ஸ்டாண்டில் யாரோ சொன்ன கணக்காம். ஆறரைக்கு நான் கூழைக் கொடுத்தேன். அதில் ஒன்னு. நசுக்கினது.

எட்டே கால் மணிக்குக் கடைக்குப் போன் வந்தது.

வேனில் வர்ற மரகதம் ஆயா சொல்லித்தான் எனக்கு முழுசாத் தெரியும். கண்மாய்க்கரை ரோட்டில் போய்க்கிட்டிருக்கும்போது, "ஆயா, எனக்கு ரோடு ரெண்டாத் தெரியுது"ன்னு சொன்னாராம். சொல்லிட்டே வேகத்தைக் குறைச்சு, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி அணைச்சுட்டுத்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்ச்சிருக்கார். இடது பக்கச் சக்கரம் மட்டும் மண்ணில் இறங்கி, வண்டி கொஞ்சம் சாஞ்சிருச்சு. ஒரு பிள்ளைக்கும் ஒன்னும் ஆகலை. யூகேஜி படிக்கிற தியாஷினின்னு ஒரு குட்டி, அங்கிள் கண்ணாமூச்சி விளையாடுறார்னு நினைச்சு, முதுகில் தட்டி, "அங்கிள், பத்து எண்ணியாச்சு"ன்னுச்சாம். மரகதம் ஆயா இதைச் சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அழலை. எனக்கு அழ என்ன தகுதி இருக்கு?

கரையிலிருந்து கண்மாய் எவ்வளவு பள்ளம்னு நான் போய்ப் பார்க்கலை. பார்க்கவும் மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓனர் பைக்கில் கூட்டிட்டுப் போனார். அப்பாவுக்குக் கண்ணு பாதி மூடியிருந்தது, உதடு வெளுத்துப் போயிருந்தது. நெஞ்சில் ஒயர் ஒட்டியிருந்தாங்க. துடிப்பு முப்பத்தாறுன்னு அந்த டிவி மாதிரி பெட்டியில் காட்டுச்சு. டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பொண்ணுதான். சட்டைப் பையிலிருந்து எடுத்த அட்டையைக் காட்டி, "இதுல மூணு காலியா இருக்கு. மூணும் இன்னைக்குப் போட்டதா? வேற எதாவது சாப்பிட்டாரா?"ன்னு கேட்டாங்க.

நான், "எனக்கு எப்படித் தெரியும்? அவரே எடுத்துப் போட்டுக்குவாரு"ன்னேன்.

அப்படியேதான் சொன்னேன் அக்கா. யார் மூஞ்சிக்கு நேராவும் பட்டுன்னு சொல்றவள்.

டாக்டர் நர்ஸுகிட்ட, "மூணுக்கு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு இறங்குமா? வேற என்னவோ இருக்கு"ன்னாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஸ்கேன் வண்டியைத் தள்ளிட்டு வந்தாங்க. ஹார்ட் அட்டாக்கான்னு பார்த்தாங்க. எல்லாரும் இல்லாததைத் தேடிக்கிட்டு இருந்தாங்க, இருந்தது என் வாய்க்குள்ளே இருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம். ஒன்பது பத்துக்குக் கேட்டாங்க. ஒன்பது ஐம்பத்தஞ்சுக்குத்தான் எழுந்து போய்ச் சொன்னேன். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன யோசிச்சேன்னு கேளுங்க. அப்பா செத்துருவாரோன்னு யோசிச்சேன்னு சொன்னால் நல்லா இருக்கும். அதையும் யோசிச்சேன். ஆனால் முதலில் யோசிச்சது, அம்மா என்னைக் கொன்னுருவாங்கன்னு.

டாக்டர் என்னைத் திட்டலை. "எத்தனை நாளா? ரெண்டுமா? நசுக்கியா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டே ஓடினாங்க. ஊசி போட்டாங்க, டிரிப்ஸை வேகமா விட்டாங்க. சாயங்காலம் துடிப்பு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. அப்புறம்தான் என்னை மட்டும் தன் ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வச்சாங்க.

"ஒன்பது நாளா மருந்து உள்ள போனதுல அவருக்கு பிரஷர் நல்லாவே எறங்கியிருக்கும்மா. அது அவருக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மூணைப் போட்டிருக்க மாட்டார். கூட ரெண்டு போட்டா செக்கப்புல நல்லா காட்டும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, அது தப்பு. அதேபோல இப்ப பயந்துக்கிட்டு ஒரேயடியா நிறுத்திடவும் கூடாது, அது இன்னும் மோசம். எது எப்பன்னு நாங்க சொல்றபடி." அப்புறம் என்னோட அப்பா படுக்கைகிட்ட வந்தப்போ சாதாரணமா ஒன்னு கேட்டாங்க. "அது சரி, அவர் ஏன் மாத்திரை போடலை?"

திமிருன்னு சொல்ல வாய் வந்தது. படுக்கையிலிருந்து அப்பாதான் பதில் சொன்னார், தரையைப் பார்த்துக்கிட்டு. "வேன் ஓட்டையில ஒன்னுக்கு வருதும்மா. நிறுத்த முடியாது."

எனக்கு அப்போதான் உறைச்சது. போன நவம்பரில் எங்கேயோ ரோட்டோரம் வேனை நிறுத்திட்டு அப்பா புதர்ப் பக்கம் போயிருக்கார். ஆயா வண்டியில்தான் இருந்திருக்காங்க. பின்னாடி பைக்கில் வந்த ஒரு பையனோட அப்பா அதைப் போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'பிள்ளைகளை வைத்துக்கொண்டு டிரைவர் செய்யும் காரியம்'னு எழுதிட்டார். அந்தப் போட்டோ என் கடை வரைக்கும் வந்தது. நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, "என்னப்பா, பேமஸ் ஆயிட்ட!"ன்னு கிண்டல் பண்ணினேன். அவர் சிரிச்சார். மறுநாளிலிருந்து துப்பியிருக்கார். எது நீர் மாத்திரைன்னு தெரியாம, ரெண்டையும்.

டாக்டர் சொன்னது என்ன தெரியுமா? "இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீர் மாத்திரையைக் காலை டிரிப்பு முடிஞ்சு பத்து மணிக்கு மாத்திக் குடுத்திருப்போமே. மூணு மணிக்குள்ள எல்லாம் போயிரும்." அவ்வளவுதான். பத்து மணி. அதுக்குத்தான் இவ்வளவும்.

இது நடந்து இருபது நாள் ஆச்சு. ஸ்கூலில் வேனைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. தாளாளர் விளக்கக் கடிதம் கேட்டிருக்கார். அதைப் படிச்சுட்டுத்தான் திரும்ப எடுக்கிறதா, இல்லையான்னு சொல்வாராம். இன்னைக்கு மூணு மணிக்கு. நாங்க இப்போ நேரா அங்கேதான் போறோம்.

நேத்து சாயங்காலம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து நல்லா இருக்கும். "ஐயா, நானாகவே அளவுக்கு மீறி மூன்று மாத்திரைகளை விழுங்கிவிட்டேன். இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு சொன்னார். அந்த ரெண்டாவது வரியை எழுதினேன் அக்கா. முழுசா எழுதி, புள்ளி வச்சேன். அதுக்கப்புறம்தான் பேனாவைக் கீழே போட்டுட்டுச் சொன்னேன். இருபது நாளா டாக்டருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான்தான் அவங்ககிட்ட, "நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லாதீங்க"ன்னு கெஞ்சியிருந்தேன். அந்த இருபது நாளும் அவர் என்கிட்ட, "என் புத்தி இப்படிப் போச்சே தாயி, பிள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"ன்னு புலம்புவார். நான், "விடுப்பா"ன்னு பெரிய மனுசி மாதிரி மன்னிச்சுக்கிட்டு இருந்தேன்.

சொன்னதும் கீழே கிடந்த பேனாவை எடுத்து வச்சார். அப்புறம், "கூழுலயா?"ன்னார்.

"ஆமா."

"அதான் கசந்துச்சா? நீ வெந்தயத்த அள்ளிப் போட்டுட்டன்னு நெனச்சேன்."

"கசக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ கத்துவ. காலையிலயே கத்துவன்னு குடிச்சுட்டேன்."

அடிச்சிருந்தால் பரவாயில்லை.

நான் அந்த வரியை அடிக்கப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டார். "இருக்கட்டும். உன் பேரு இதுல வரக் கூடாது. அப்பனுக்கே மருந்து வச்ச பொண்ணுன்னு ஊருல ஒரு பேரு விழுந்துச்சுன்னா, அது உன்னைய விட்டுப் போகாது. சாப்பாட்டுல மருந்து வச்சான்னா ஊரு எப்படிப் பேசும்னு உனக்குத் தெரியாது. நான் கெழவன், எனக்கு வாட்ச்மேன் வேலை போட்டாலும் ஓடும்." எனக்கு உள்ளே என்ன இருந்தது தெரியுமா? நிம்மதி. நல்லவேளை, என் பேர் வராதுன்னு ஒரு நிம்மதி. அது வந்தது எனக்கே பிடிக்கலை. ஆனா வந்தது.

அந்தக் கடிதம் அவர் சட்டைப் பையில் இருக்கு. இன்னொன்னு என் பையில் இருக்கு. காலையில் அவர் குளிக்கப் போனப்போ நானே எழுதினேன். ஒன்பது நாள், ரெண்டு மாத்திரை, இடிகல், கூழ், எல்லாம். எங்கப்பா தலை சுத்தினப்போகூட பிரேக் போட்டு, சாவியை அணைச்சுட்டுத்தான் சாஞ்சார், அவருக்கு வேனைத் திருப்பிக் கொடுங்கன்னும் எழுதியிருக்கேன். அவர் உள்ளே போய்த் தன்னோடதைக் கொடுத்துட்டு வெளியே வரட்டும். அவர் தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போகும்போது நான் நைசா உள்ளே போய்...

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

இல்லை, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் விட மாட்டார்ல. அவர் நல்லதுக்குத்தான்...

...

சரி அக்கா. நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாம். நானே கேட்டுட்டேன், நான் சொன்னதை.

செம்பட்டி தாண்டியாச்சு, இன்னும் இருபது நிமிசம் இருக்கும். அவர் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. பஸ்ஸில் எல்லாரும் இருக்கும்போது அவர் கத்த மாட்டார். கத்தினாலும் கத்தட்டும். படிச்சுக் காட்டுறேன். வேண்டாம்னு சொன்னால் ஏன் வேண்டாம்னு கேக்குறேன். கேட்டுட்டு, அப்புறமும் கொடுக்கத்தான் செய்வேன், ஆனா அவர் கண்ணு முன்னாடி கொடுப்பேன்.

உங்க வீட்டுக்காரர் ஏன் விழுங்க மாட்டேங்கிறார்னு உங்களுக்குத் தெரியுமா? இல்லைல்ல? போன் கையிலதான இருக்கு.

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, நான் முன்னாடி போகணும்.